மிச்சத்தை வாங்கியவள்

சிஸ்டர் பெர்னதெத் முத்துக் கதை சொன்னபோது
நான் மூன்றாம் வகுப்பு. எழுந்து கேட்டேன்:
"அவன் வித்ததையெல்லாம் யார் வாங்கினது, சிஸ்டர்?"
வகுப்பு சிரித்தது.
சிஸ்டர் உட்காரச் சொன்னார்.

நாற்பது வருஷம் கழித்துப் பதில் தெரிந்தது.
நான்தான்.

சுங்கை சிப்புட்டில் பழைய சாமான் கடை.
சிப்புட் என்றால் மலாயில் நத்தை.
நத்தையில் எவன் முத்துத் தேடுவான்?
மாற்றலாகிப் போகிறவன், கோர்ட்டு ஏலம்,
அப்பன் செத்த மறுவாரம் அடித்துக்கொள்ளும் பிள்ளைகள்,
எல்லாரையும் பார்த்தாயிற்று.
விற்கிறவன் கண் சாமான் மேலேயே இருக்கும்.

சந்தியாகுவின் கண் வாசலில் இருந்தது.

செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரன்.
மனைவி போய் ஆறு வருஷம். பிள்ளை இல்லை.
லாரியை ஈப்போ தவுக்கே முந்தின நாளே ஓட்டிப் போய்விட்டார்.
அவள் சங்கிலி அடகுக்கும் போகவில்லை,
நேரே உருக்கப் போனது.
மிச்சத்துக்கு என்னைக் கூப்பிட்டான்.

ஐஸ் பெட்டி நூற்றைம்பது என்றேன்.
முந்நூறு தாங்கும். சரி என்றான்.
அவள் மிதித்த தையல் மெஷின், எண்பது.
சரி.
தேக்கு அலமாரியைத் தட்டிப் பார்த்து
வெறும் பலகை என்றேன்.
எனக்கே வாய் கூசியது.
சரி என்றான், வண்டியில் ஏற்ற ஒரு கை பிடித்தான்,
சீட்டியடித்துக்கொண்டு.
திருக்குடும்பப் படத்தை உருவிச் சுருட்டிக்கொண்டு
சட்டத்தை மட்டும் நீட்டினான்:
"கண்ணாடி நல்ல கண்ணாடிக்கா."

இத்தனை வருஷத் தொழிலில்
பேரம் பேசாதவனிடம் தோற்றது அன்றைக்குத்தான்.

ஊர் மூன்று கதை சொன்னது.
நாலு நம்பர் கடன். ஏதோ பெண் விவகாரம்.
தைப்பிங் பக்கம் எவனோ ஜெபக்கூட்டத்துக்காரன் உருவிவிட்டான்.
மூன்றையும் நம்பினேன்,
கிழமைக்கு ஒன்றாக.

பிறகு ஐஸ் பெட்டியைக் கழுவும்போது
கீழ்த்தட்டில் ஒரு தூக்குச்சட்டி மூடி.
மூடியில்லாத சட்டியை வைத்து என்ன செய்வான்?
அதையே சாக்காக வைத்துக்கொண்டு போனேன்.

ஆலைக்குப் பின்னால், கழிவுக் குளத்து வாடையில்
ஒற்றை அறை.
கட்டிலில் ஒரு நேப்பாளி, ஆலைக் காவலாளி.
ஏணியிலிருந்து விழுந்ததில்
இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.
கம்பெனி விமான டிக்கெட் தருமாம், அவ்வளவுதான்.
ஆஸ்பத்திரிக் கணக்கு வேறு, வெளிநாட்டுக்காரன் கட்டணம்.
தொகையைச் சொன்னான்.
என் தலைக்குள் லாரி, சங்கிலி, ஐஸ் பெட்டி, மெஷின்
வரிசையாக வந்து நின்று கூட்டிக்கொண்டன.
சரியாக வந்தது,
சட்டத்தோடு சேர்த்து.

"நீ லாரியில மோதினியா?"
"இல்லக்கா."
"சொந்தமா? கடன்பட்டியா? நேர்ச்சையா?"
"இல்லக்கா."
"உங்க கோயில்காரனா?"
சிரித்தான்.
எதற்கென்று தெரியாமலே கட்டிலில் கிடந்தவனும் சிரித்தான்.
"அப்புறம் எதுக்குடா?"
கஞ்சியை ஊதிக்கொண்டே சொன்னான்:
"கண்டுபிடிச்சிட்டேன்க்கா. அதுக்கப்புறம் எப்படி விடுறது?"

அறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். தொழில் புத்தி.
ஒரு அடுப்பு. இரண்டு தட்டு. மூத்திர வாளி.
சோற்றுப் பருக்கையால் சுவரில் ஒட்டிய திருக்குடும்பம்,
ஒரு மூலை உரிந்திருந்தது.
எல்லாம் சேர்த்து நாற்பது வெள்ளி பெறாது.

சிஸ்டர் இன்னொரு கதையும் சொன்னார்.
புதையலுக்காக ஒருவன் நிலம் வாங்குவான்.
வேலிக்கு வெளியே நிற்கிறவளுக்கு
அது எப்படித் தெரியும் என்று
நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

கடைக்குத் திரும்பினால்
அலமாரிக்கு அறுநூறு தருகிறேன் என்று ஒரு வாத்தியார்.
என்ன மரம் என்று கேட்டார்.
தேக்கு, விற்பதற்கில்லை என்றேன்.
ஏன் என்றார்.
எனக்கும் தெரியவில்லை.

கதவை இழுத்துச் சாத்தும்போதுதான் கவனித்தேன்,
மூடி என் பையிலேயே கிடக்கிறது.

நாளைக்கு மறுபடி போக வேண்டும்.