மூலைவிட்டம்

நூற்றுப்பத்துச் சதுர மீற்றரிலிருந்து
ஒன்பதரைக்கு.

லாங்கன்தாலில் பழைய நெசவாலையின் பின்கட்டை
வீடுகளாகப் பிரிக்கப்போகிறார்கள்.
பதிவுத் தபாலில் மூன்று மாத அவகாசம்.
கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது,
என் பெயரில் இரண்டு எழுத்துப் பிழை போக.

இனிப் பட்டறை எங்கள் மாடிக்குடியிருப்பின் அடியில்,
போர் வந்தால் பதுங்கவென்று கட்டிய அறையில்.
கதவு ஒரு சாண் தடிப்பு, முழுக் கொங்கிறீட்.
போர் வரவில்லை.
வராத போருக்குப் பனிச்சறுக்குக் கட்டைகளும்
ஒரு மூட்டை உருளைக்கிழங்கும்
குளிர்காலச் சில்லுகளும் பதுங்கியிருக்கின்றன.

எனக்குத் தெரிந்த பதுங்குகுழிக்குக்
கதவே கிடையாது. மேலே பனங்குற்றி.
பதினொரு வயதில் ஒன்றை நானும் உருட்டினேன்.
மரம் என்றால் முதலில் பாரம்
என்று அன்றைக்கே தெரியும்.

இயந்திரங்களின் அளவுக்குச் செய்தித்தாள்களை வெட்டி
நிலத்தில் பரப்பினேன்.
பட்டைவாளை மூலைக்குத் தள்ளினால் கதவு திறக்காது.
கதவு திறந்தால் மேசைவாளில் பலகை திரும்பாது.
தயாநேசன் தேத்தண்ணியோடு வந்து
மேசைவாளின் மேல் நின்றார்.
'காலை எடுங்கோ!' என்று கத்திவிட்டேன்.
வெறும் கடதாசிதான்; இருந்தாலும்
அவரும் துள்ளித்தான் இறங்கினார்.

பட்டைவாளை ஹுட்வில்லிலிருந்து ஒரு பெடியன் வாங்கினான்.
ஒருதரம் ஓடவிட்டுக் காது கொடுத்தான்.
விலை குறைத்துக் கேட்கவில்லை.
அதுதான் கோபமாக வந்தது,
கூடச் சொல்லியிருக்கலாம்.

துண்டுக் கட்டைகள்தான் பெரிய வில்லங்கம்.
எப்பவாவது உதவும் என்று பதினாறு வருடம் சேர்த்தவை.
'எப்ப?' என்றான் கிருபைராசா, வானில் ஏற்றிக்கொண்டே.
மூன்று வீட்டு அடுப்புக்கு ஒரு குளிர்காலம்.
அப்பிள் மரத்துண்டு ஒன்றை மட்டும்
கோட்டுப் பையில் போட்டேன். காரணமில்லை.

வீட்டார் கூட்டத்தில் எட்டுப் பேர், எதிர்ப்பு ஒன்று:
இரண்டாம் மாடி சிபிண்டன்.
பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை சத்தம் கூடாது,
ஞாயிற்றுக்கிழமை மூச்சே கூடாது,
பக்கத்தில் அவருடைய படுக்கை விரிப்புகள் காய்கின்றன,
தூள் பறக்கவும் கூடாது.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.
மின்சாரத்தில் ஓடுவன விற்றாயிற்று.
மிஞ்சியது கைவாள் நான்கு, இழைப்புளி ஏழு,
எண்ணாத உளிகள்.
கவ்விகள், வழக்கம்போல, ஒன்று குறைவு.

ஒக்டோபரில் ஒரு வேலை வந்தது.
படிக்குக் கைப்பிடி. ஐந்து மீற்றர் இருபது.
'ஒட்டு வேண்டாம்' என்றார் ரூஃபனாக்ட் அம்மா,
பார்வை போய் இரண்டு வருடம்.
'ஒட்டுத் தட்டுப்பட்டால் என் கை
படி முடிந்ததென்று நினைத்துவிடும்.'

அறைக்கு மூலைக்கு மூலை நாடா பிடித்தேன்.
நான்கு மீற்றர் ஐம்பத்தைந்து.
மறுபடி பிடித்தேன்.
இரும்பு நாடா இரங்காது.

அறைக்கும் அறைக்கும் இடையில் மரச்சட்டங்கள்தான்.
அந்தப் பக்கம் சிபிண்டனின் வைன் போத்தல்கள்.
வெள்ளிக்கிழமை மேலே போய் மணியடித்தேன்.
முழுக்கக் கேட்டார். பதில் சொல்லவில்லை.
கதவைச் சாத்தினார், சத்தமில்லாமல்.

திங்கள் காலை இறங்கினால்
மூன்று சட்டங்கள் கழற்றிச் சாய்த்திருந்தன,
பென்சிலால் இலக்கமிட்டு: ஒன்று, இரண்டு, மூன்று.
திருகாணிகள் ஒரு யோகட் கிண்ணத்தில்.

துவைப்பறை ஜன்னலால் இறக்கிய மரம்
அறைக்குக் குறுக்கே படுத்துத்
தலையை அவர் பக்கம் நீட்டியது.
நான் இழைக்க இழைக்க
அங்கே போத்தல்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுத்தன.
குனிந்துதான் கடக்கிறேன்,
ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க நிறுத்தினேன்.
சீவல்களைக் கூட்டும்போது
தடி தன்பாட்டில் அசைந்தது.
இடைவெளியால் பார்த்தேன்:
சிபிண்டன், கண்ணை மூடிக்கொண்டு,
நுனியிலிருந்து உள்ளங்கையால் வழித்து வருகிறார்,
மெதுவாக,
சட்டம் வரை. அங்கே கை முட்டியது.

இந்தப் பக்கம் இன்னும் நான்கரை மீற்றர் இருக்கிறது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
மணி பன்னிரண்டு.