உப்புத் தின்ற குழல்

நான்கு புட்டிகள், ஒரு ஊறுகாய் ஜாடி.
வெளியே மைனஸ் பதினெட்டு.
காரேஜ் கதவை ஒரு முழம் தூக்கி வைத்திருக்கிறேன்:
ஆவிதான் போக வேண்டும், நான் போகக்கூடாது.

மண்ணெண்ணெய் ஒரு பங்கு.
பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் ஒரு பங்கு.
கியர்பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய் ஒரு பங்கு,
பள்ளிப் பேருந்துப் பணிமனையில்
மீந்தது என்று சொல்லி எடுத்துவந்தது.
அசிட்டோன் கடைசியில்;
மூடி திறந்த மறுநிமிடம்
சொல்லாமல் கிளம்பிவிடுகிற ஆள் அது.

பீட்ரூட் ஊறிய ஜாடி. குலுக்கினால்
இப்போதும் பீட்ரூட் போலத்தான் இருக்கிறது.
"குடித்தால் நேரே லூத்தரன் கல்லறை" என்று
எழுதி ஒட்டினேன்.
இந்த வீட்டில் நானும் நாயும்தான்.
நாய்க்குப் படிக்கத் தெரியாது, இருந்தாலும்.

கடையில் விரல் நீளப் புட்டிக்குப் பதினான்கு டாலர்.
கேட்டால் சிக்கனம் என்பேன்.
உண்மையில், நூல் நூலாய்ச் சுழன்று
ஒட்டவே ஒட்டாது என்று இருந்தவை
ஒட்டிக்கொள்கிற அந்தக் கணம் பிடிக்கும்.

துப்பாக்கி என்னுடையது. ரஷ்யப் பழசு,
துடுப்பு நீளம்.
தங்கை லெம்பியின் கணவன் ரெய்னோ
நவம்பரில் இரவல் கேட்டான்.
படகுச் சண்டைக்குப் பிறகு
அவன் என்னிடம் கேட்ட முதல் பொருள்.
அதற்காகவே கொடுத்தேன்.
நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து
காரேஜில் சாய்த்துவிட்டுப் போயிருந்தான்.
ஒரு சீட்டு: "துடைத்தாயிற்று."

துடைத்தானாம்.
முதல் துணித்துண்டு கறுப்பு. இரண்டாவது சாம்பல்.
ஆறாவது வெள்ளை.
கையைக் கழுவிவிட்டுத் தூங்கினேன்.
மறுநாள் மாலை, சும்மா ஒன்றைத் தள்ளிப் பார்த்தால்,
ஆரஞ்சு.

இரும்புச் சுரங்க ஊர்க்காரிக்கு
அந்த நிறத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம்.
எங்கள் சாலை, ஏரிக்கரை,
ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் சாக்ஸ்,
எல்லாம் அதுதான்.

போன் போட்டேன். பதினான்கு மாதத்தில் முதல் முறை.
"எந்தத் தோட்டா?"
"தகர டப்பாவில் வந்தது. மலிவு. என்னவோ எழுத்து."
"எத்தனை சுட்டாய்?"
"நாற்பது இருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "அறுபது."
"தண்ணீர் விட்டாயா?"
"துப்பாக்கிக்கா?"
வைத்துவிட்டேன்.

பழைய ராணுவத் தோட்டா.
அடியில் வைத்த மருந்து வெடிக்கும்போது
குழலுக்குள் உப்பு பூத்துவிடும்.
உட்கார்ந்த இடத்திலேயே காற்றின் ஈரத்தை இழுத்து
இரும்பைத் தின்னும்.
என் சிவப்பு ஜாடி அதைத் தொடாது.
மண்ணெண்ணெய்க்கு அசையாது,
அசிட்டோனுக்கு அசையாது.
உப்புத் தின்றது
தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.
நேற்றெல்லாம் மூக்கெரியக் கலக்கியதற்கு
இதுதான் தீர்ப்பு.

சமையலறையில் கெட்டில் கத்தியது.
புனல் வைத்துப் பின்வாயில் ஊற்றினேன்.
முன்வாய் வழியே துருநீர்
பனிமேல் விழுந்து ஓட்டை போட்டது.
இரண்டாம் கெட்டில். மூன்றாம் கெட்டில்.
கையுறையைத் தாண்டிச் சுட்டது குழல்.
சுட்டால் நல்லது, தானே உலரும்.

அப்போதுதான் வண்டி வெளிச்சம்.
ரெய்னோ இறங்கினான், தொப்பி இல்லாமல்.
கையில் அவர்கள் வீட்டுக் கெட்டில்.
பதினொரு மைல். அதன் மூக்கில்
பனி கட்டியிருந்தது.
"தண்ணீர் என்றாயே."

என் வீட்டில் குழாய் இல்லையா என்று கேட்க
வாய் வரை வந்தது.
வாங்கி அடுப்பில் வைத்தேன்.

ஜாடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.
"பீட்ரூட்டா?"
"படி."
உதடு அசைய, மெதுவாகப் படித்தான்.
நாய் இரண்டு முறை தும்மியது.

படகைப் பற்றி அவனும் எடுக்கவில்லை,
நானும் எடுக்கவில்லை.
புதுத் துணித்துண்டு வெட்டி, கம்பியை
அவன் கையில் கொடுத்தேன்.
தள்ளினான்.
இன்னும் லேசாக ஆரஞ்சு.