ஒண்ணேகால் மீட்டர்

முதலில் வாங்கியது சாட்டின்.
நேரு வீதி, தள்ளுபடி, ரத்தச் சிவப்பு.
மின்விசிறியை இரண்டில் வைத்தாலே
சீட்டுகள் கெண்டையாய் வழுக்கின.
ஒருமுறை பேரரசன் மேசையிலிருந்து குதித்து
வாடிக்கையாளரின் செருப்புக்குள் போய் உட்கார்ந்தான்.
அவர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர்.
பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டு
ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தார்.

பிறகு வெல்வெட்.
பிடித்துக்கொள்ளும், நகரவிடாது, உண்மைதான்.
ஆனால் குருசுக்குப்பத்தில் ஐப்பசி என்று ஒன்று இருக்கிறது.
மூன்று நாள் மழையில் வெல்வெட்
நனைந்த நாயாக மணக்கும்.
மோந்து பார்த்தவர்கள்
எதிர்காலத்தை நம்பவில்லை.

கட்டம் போட்ட லுங்கித் துணியும் விரித்துப் பார்த்தேன்.
வந்த பையன் சீட்டைப் பார்க்காமல்
கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
‘பதினேழு. நல்லதாக்கா, கெட்டதா?’

கடைசியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால்
ஒரு மேட்சிங் சென்டர்.
உள்பாவாடைக்குக் கிழிக்கிற பாப்ளின்,
மையிருட்டு நீலம்.
‘ஒண்ணேகால்ல பாவாடை வராதேம்மா,
சேலை என்ன கலரு?’ என்றார் துளசிங்கம்.
சேலைக்கில்லைங்க, சீட்டுக்கு.
கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்:
‘மாசம் எவ்வளவு கட்டணும்?
ஏலச் சீட்டா, குலுக்கலா?’
குலுக்கல்தான் என்றேன்.
பொய்யில்லை.

முதல் அலசலுக்குக் கல்லுப்பு ஒரு கை, சாயம் நிற்க.
பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீர், வெறும் கை, அடிக்காமல்.
கஞ்சி கூடவே கூடாது, விறைத்த துணியில் சீட்டு ஓடும்.
மாடிக்கொடி வேண்டாம்,
கடற்காற்று உப்பைத் தைத்துவிடும்.
நடையில், நிழலில், உள்புறம் வெளியே.
பௌர்ணமியில் கிடத்தினால் துணி சுத்தியாகும் என்று
யாரோ சொல்லி ஒரு தடவை கிடத்தினேன்.
விடிந்தபோது
நிலா போயிருந்தது,
காக்கை வந்து போயிருந்தது.

சீட்டுக்கட்டைச் சுற்றி வைப்பதும் இதிலேயேதான்.
முடிச்சுப் போடுவதில்லை.
எதையாவது முடிந்து வைத்துவிட்டு
என்னால் தூங்க முடியாது.

தை பிறந்து நாலாம் நாள் அஞ்சலாட்சி வந்தாள்.
வைத்திக்குப்பம். முழங்கையில் ஒரு செதில்
காய்ந்து மின்னியது.
கேள்வியைச் சொல்லவில்லை.
ஒரு படகு திரும்பாதது ஊருக்கே தெரியும்.
மூன்றாவதாகத் திருப்பினேன்:
குதிரைமேல் எலும்பன்.
‘இது சாவு இல்லைங்க, மாற்றம்.’
நானூறு பேரிடம் சொன்ன வாக்கியம்
நாக்கு நுனியில் தயாராக இருந்தது.
வாயைத் திறப்பதற்குள் அவள்
துணியின் ஒரு முனையை எடுத்து
அந்தச் சீட்டின்மேல் போர்த்தினாள்,
விடியற்காலையில் விசிறிக் காற்றுக்குச் சுருண்டவரை
எழுப்பாமல் போர்த்துவோமே, அப்படி.
கொஞ்ச நேரம் கழித்து
நான் விளக்கைப் போட்டேன்.

அந்த மடிப்பு போகவில்லை.
இஸ்திரி வண்டித் தனகோட்டி
தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்துப் பார்த்தார்.
‘இது சூட்டுக்கு அடங்காதும்மா’ என்று
காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார்.
இப்போது அந்த மூலை என் பக்கம் வருகிறமாதிரி விரிக்கிறேன்.
எதிரே உட்காருகிறவர்கள்
நேரான துணியைத்தான் பார்க்கிறார்கள்.

மாசி மகத்துக்கு முந்தின நாள் மறுபடி வந்தாள்.
சாமிகள் கடலுக்குப் போகிற வழியில்
பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்,
கடப்பாரைச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.
‘சீட்டு வேணாம். துணிய மட்டும் விரிங்க.’
விரித்தேன்.
உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு
நீவினாள், திரும்ப நீவினாள்.
மடிந்த மூலைக்கு வந்ததும்
கை சுற்றிக்கொண்டு போனது,
தூங்குகிற இடத்தைத் தாண்டுவதுபோல.
மின்விசிறி இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.
ஒன்றும் நகரவில்லை.

எழுந்து இருநூறு ரூபாய் வைத்தாள்.
வாங்கினாயா என்று கேட்காதீர்கள்.
வாங்கினேன்.
வாடகை மூவாயிரத்து ஐநூறு.