மூட்டைக்குக் காசு

திருநகரில் ஏறினால் எனக்கு இலவசம்.
மூட்டைக்குத்தான் காசு.
"என்ன புள்ள, பொணமா உள்ள?" என்பார் கண்டக்டர்.
கோல்கீப்பர் சாமான், அண்ணே.
"கிரிக்கெட்டா?"
பெரியார் நிலையம் வரைக்கும்
விளக்கிக்கொண்டே வருவேன்.

கோலுக்குள் நிற்க நான் ஆசைப்பட்டதில்லை.
ஒன்பதாம் வகுப்பில், ஓட மாட்டாமல்
மூச்சிரைத்து உட்கார்ந்தவளைப் பார்த்து
"பேச்சி, நீ கம்பத்துக்கு நடுவுல நில்லு"
என்றார் பி.டி. டீச்சர்.
அவ்வளவுதான். விதி என்று சொல்ல எதுவுமில்லை.
காலில் கட்டும் பேடு எனக்கு முன்னால் நாலு பேருடையது.
நாலு பேர் வேர்வையும் அதற்குள் இருந்தது.
வார் அறுந்த இடத்தில் சைக்கிள் டியூப்.
ஹெல்மெட் பெரிது.
குனிந்தால் கண் மறையும்,
நிமிர்ந்தால் பந்து மறையும்.

கோவில்பட்டிக்காரிகள் வந்தார்கள்.
எங்கள் மைதானம் சரளை.
கல்லில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று
எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.
எட்டு.
ஏழாவது என் சொந்தக் காலில் தட்டி உள்ளே போனது.
எட்டாவதை நான் பார்க்கவே இல்லை.
பின்னால் பலகை டம் என்றது, திரும்பினேன்.

வருகைப் பதிவில் முத்துப்பேச்சி,
மற்ற எல்லா இடத்திலும் எட்டு.
"எட்டு, தண்ணி எடு."
"எட்டு, உங்கப்பா வந்திருக்காரு."

அப்பா மாட்டுத்தாவணியில் லோடுமேன்.
மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து,
தோளில் போடுவதற்கு முன்பே சொன்னார்:
"பதினாலு கிலோ. கூடக்கொறைய இருக்காது."
ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
எடையைப் பற்றி மட்டும்தான்
அவருக்குக் கருத்து உண்டு.

பிறகு மாவட்ட அணி. இரண்டாவது கீப்பர்.
இரண்டாவது கீப்பர் என்றால்
உடுப்பு நனையாமல் ஊர் திரும்புகிறவள்.
முதலாவது ஜெசிந்தா. நல்லவள்,
அதுதான் சிக்கல்.
அவள் மட்டைக்கு டேப் சுற்றித் தருவேன்.
ஆட்டத்துக்கு முன்னால் அவளை நோக்கி
நூறு பந்து அடிப்பேன்,
நூறையும் அவள் தடுப்பாள்.

பாண்டி கோயிலில் நின்று
அவளுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று வேண்டினேன்.
வேண்டி முடித்த பிறகும்
இன்னும் ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி
அங்கேயே நின்றேன்.

சேலம் கிளம்புவதற்கு முந்தின நாள்
ஜெசிந்தாவுக்கு மஞ்சள்காமாலை.

கடைசி நிமிடம், பெனால்டி கார்னர்.
நான் படுத்தேன். யோசித்துப் படுக்கவில்லை.
இடுப்பில் ஒன்று.
எழுவதற்குள் இன்னொன்று, கையுறையில்.
மூன்றாவது எங்கே பட்டதென்று இன்றுவரை தெரியாது.
உள்ளே போகவில்லை, அது தெரியும்.
நீலத் தரை முழங்கைத் தோலை உரித்துக்கொண்டது.
எல்லோரும் என் மேல் விழுந்து கத்தினார்கள்.
அடியில் கிடந்தபடி நான் நினைத்தது,
இந்நேரம் ஜெசிந்தா
உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள்.

தேறி வந்தாள். பட்டியலில் என் பெயர் மேலே.
என் மட்டையை வாங்கி டேப் சுற்றினாள்,
நான் சுற்றுவதைவிடச் சுத்தமாக.
நான் ஷூ கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தேன்,
முடிந்த பிறகும்.

போன மாதம் மாநில அணி. விமானம்.
ஹெல்மெட் மட்டும் புதுசு.
தராசில் மூட்டையை ஏற்றினார்கள்:
பதினாலு புள்ளி ஒன்று.
வரிசையில் நின்றபடியே அப்பாவுக்குப் போன் போட்டேன்.
பின்னால் சந்தை இரைந்தது.
"புள்ளி ஒண்ணா? அது வேர்வை" என்று வைத்துவிட்டார்.

மற்ற பையோடு சேர்த்தால் அதிகமாம்.
"இந்த மூட்டைக்குத் தனியாக் காசு கட்டணும்"
என்றாள் கவுன்ட்டர் பெண்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என் உடுப்பை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து,
ரசீதை நீட்டிக்கொண்டே கேட்டாள்:
"கிரிக்கெட்டா மேடம்?"