சேர்த்துச் செய்தால்

இந்திராநகரில் மூன்றாவது மாடி.
டாக்டர் மேதினி ஊதாப் பேனாவால்
என் இமைமேல் பிறை ஒன்று வரைந்தார்.
பிறகு, கேட்காமலே,
காதுக்கு முன்னால் ஒரு கோடு.

"இமை மட்டும் என்றால் ஒரு லட்சத்து முப்பது.
முகத்தையும் தூக்கிவிட்டால்
ஒரே மயக்கம், ஒரே வீக்கம், ஒரே லீவு.
சேர்த்துச் செய்தால் உங்களுக்குத்தான் லாபம்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குத் தெரியும்.
கமர்ஷியல் தெருவின் பக்கச் சந்தில்
இருபத்தேழு வருடமாக நான் விற்கும் வாக்கியம்.
பவர் மாற்ற வந்தவரிடம்
பிரேமையும் மாற்றச் சொல்வேன்,
புது லென்ஸ் பழசில் நிற்காது என்பேன்.
பாதி பொய், பாதி அனுபவம்.
எது எந்தப் பாதி என்று
சில நாள் எனக்கே தெரிவதில்லை.

இமைக்குக் காரணம் இருக்கிறது.
பார்வைப் பரப்புச் சோதனையில்
மேல் வரிசைப் புள்ளிகள் ஒன்றுக்கும்
நான் பொத்தானை அழுத்தவில்லை.
சிக்னல் பச்சையா என்று பார்க்க
தாடையை உயர்த்த வேண்டியிருக்கிறது,
சண்டைக்குப் போகிறவள் மாதிரி.
காலையில் கடை திறந்ததும்
லென்ஸ் தீட்டும் கௌஸ் கேட்பான்:
"அழுதீங்களா மேடம்?"
அமல்ராஜ் விட்டுப்போன வருடம்கூட
நான் அவ்வளவு அழவில்லை.
இது வெறும் தோல், கௌஸ்.
நம்பமாட்டான். டீ வாங்கி வருவான்.

கன்னத்துக்குக் காரணம் இல்லை.
ஆசைதான் இருக்கிறது.
காப்பீட்டுப் படிவத்தில்
அதை எழுதக் கட்டம் கிடையாது.

பேசிக்கொண்டே டாக்டர்
இரண்டு விரலால் என் தாடையை மேலே இழுத்தார்.
கைக்கண்ணாடிக்குள் ஒருத்தி வந்து நின்றாள்.
தொண்ணூற்றெட்டில் கடைக்குக் கடன் கேட்டு
வங்கி மேனேஜர் முன்னால் உட்கார்ந்தவள்.
மாங்கல்யத்தைத் தவிர எல்லாவற்றையும் அடகு வைத்தவள்.
விரலை எடுத்தார்.
போய்விட்டாள்.

"இமை மட்டும் செய்தால்?"
"கண் விழித்துக்கொள்ளும்.
கன்னம் தூங்கிக்கொண்டே இருக்கும்."
நல்ல வியாபாரி.

விவரமான வாடிக்கையாளர்கள்
கடைசியில் என்னிடம் கேட்பதை நானும் கேட்டேன்:
உங்க அம்மாவா இருந்தா?
பேனாவுக்கு மூடி போட்டார்.
"அம்மா இமை மட்டும் போதும் என்றார். செய்தேன்.
அடுத்த வருடம்,
அப்போதே ஏன் முழுசாகச் செய்யவில்லை என்று
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை."
சிரித்தார்.
கண்ணோரத்தில் எண்ணினேன், மூன்று கோடு.
அவற்றில் எந்த ஊசியும் ஏறியிருக்கவில்லை.

யோசிச்சுட்டு வரேன் என்றேன்.
என் கடையில் அப்படிச் சொல்லிப் போனவர்கள்
திரும்பி வந்ததே இல்லை.
பச்சைப் பிரேம் கேட்ட ஓர் அம்மாள் மட்டும்
நான்கு மாதம் கழித்து வந்தாள்,
அதே பிரேமுக்கு,
இருநூறு ரூபாய் ஏறிய பிறகு.

மெட்ரோவில் எதிர் சீட்டுக் குழந்தை
என் இமைப் பிறையையே பார்த்தபடி வந்தது.
துடைக்க ஸ்பிரிட் கொடுத்திருந்தார்கள்.
துடைக்கவில்லை.

எட்டரை மணி. பாதி இறங்கிய ஷட்டர்.
வாடிக்கையாளர் முகம் பார்க்கும் சாய்ந்த கண்ணாடியில்
செலோடேப் ஒட்டி இமையைத் தூக்கினேன்.
அலமாரியின் மேல் தட்டு தெரிந்தது,
அதிலிருந்த தூசியும்.
இரு கையாலும் கன்னத்தை இழுத்துப் பார்த்தேன்.
கடன்காரி எட்டிப் பார்த்தாள்.
அவளைப் பிடித்து வைக்க இரண்டு கையும் வேண்டும்.
கல்லாவை யார் எண்ணுவது?

கௌஸ் பின்னால் நின்றிருந்தான்.
"மேடம், முகத்துல பேனா."
தெரியும், கோடு சரியா இருக்கா பார் என்றேன்.
லென்ஸ் விளிம்பைச் சோதிக்கும் பூதக்கண்ணாடியை
ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தான்.
"இடது கொஞ்சம் இறங்கியிருக்கு."
சற்று நேரம் கழித்து,
"காதுகிட்ட இது எதுக்கு?"

அது வேற பில், கௌஸ்.
இன்னும் போடல.