பதினான்காவது வளைவு

செவ்வாயும் வெள்ளியும் அப்பாவைக் கீழே இறக்குகிறேன்,
ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு,
இருபது கொண்டை ஊசிகள்,
ஐந்து ரோட்டில் நான்கு மணி நேரம் இரத்தம் கழுவ.
விடியுமுன் கிளம்பினால்தான் மெஷின் கிடைக்கும்.

அவர் கை டேஷ்போர்டை விடாது.
மெதுவா, என்பார் ஒவ்வொரு திருப்பத்திலும்,
நான் மெதுவாகத்தான் போகிறேன் என்றாலும்.

அந்தக் கைக்கு நான் பயந்திருக்கிறேன்.
காப்பி விளாரை இலை உருவி
அலமாரி மேல் வைத்திருக்கும் அது.
சங்கீதத்தில் ஒரு சொல் மாறினால் ஓர் அடி.
இரண்டு சொல் மாறினால் முதலிலிருந்து.
கர்த்தருக்குப் பயப்படணும் எப்சி, என்பார்
மூச்சு வாங்க.
நான் பயந்தேன்.
யாருக்கு என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.
ராஜ்தூத் சத்தம் கேட் அருகே அணையும்போது
வயிற்றில் ஒன்று விழுமே,
அதைத்தான் பக்தி என்று நினைத்திருந்தேன்
பதினேழு வயதுவரை.

எப்சிபா என்றால்
என் பிரியம் அவளிடத்தில் என்று அர்த்தமாம்.
பெயர் வைத்ததும் அவர்தான்.

பிறகு வெகுநாள் ஜெபிக்க முடியவில்லை.
கண்ணை மூடினால்
யாரோ அலமாரி மேல் துழாவும் சத்தம்.
போதகர் எட்வின் பொன்னையா நல்லவர்.
பயம் என்றால் அங்கே மரியாதை என்றுதாம்மா பொருள், என்றார்
புண்ணுக்குப் பவுடர் போடுவதுபோல.
மரியாதைக்கா சீனாய் மலை புகைந்தது?
மரியாதைக்கா மேய்ப்பர்கள் வயல்வெளியில் நடுங்கினார்கள்?
தூதன் வந்ததும் முதலில் சொல்வது பயப்படாதே.
நாலு பக்கம் தள்ளினால் பயந்திரு.
இரண்டையும் ஒரே நாக்கில் வைத்துக்கொண்டு
எப்படி விழுங்க?

இன்று பனி.
பதினான்கில் திரும்பினேன்,
வெளிச்சத்தில் சாலை இல்லை.
சாலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தோள்.
அவ்வளவு பெரிய தோள்.
காட்டெருமை. கடா. தனியாக.
முழங்காலுக்குக் கீழே வெள்ளை,
யாரோ சுண்ணாம்பில் நிறுத்தி எடுத்ததுபோல.
எஞ்சினை அணைத்தேன். விளக்கையும்.
ஏன் விளக்கை என்று தெரியாது.

அது மூச்சு விட்டது.
முன்கண்ணாடி வெளிப்புறமாக மங்கிற்று.
தலையை ஒரு தரம் சாய்த்தால்
நாங்கள் பதின்மூன்றில் கிடப்போம், தலைகீழாக.
அது சாய்க்கவில்லை.
எங்கள்மேல் அதற்கு ஒரு கோபமும் இல்லை.
நான் ஒப்பித்தாலும் ஒப்பிக்காவிட்டாலும்
அது இவ்வளவு பெரிதாகவே இருக்கும்.

கால் நடுங்கிற்று.
ஆனால் வயிற்றில் எதுவும் விழவில்லை.
ஒளியத் தோன்றவில்லை.
பொய் சொல்லத் தோன்றவில்லை.
போய்விடக் கூடாதே என்றுகூட
ஒரு கணம்.

இதுதான் அது என்று எழுதமாட்டேன்.
மாடு மாடுதான்.
கீழ் எஸ்டேட் வாட்ச்மேனுக்கு விலா எலும்பு இரண்டு
இன்னும் கூடவில்லை.

அது இறங்கிப் போனபின் பார்த்தேன்,
அப்பாவின் கை டேஷ்போர்டில் இல்லை.
என் முழங்கையில் இருந்தது.
இருக்கை நனைந்திருந்தது.
யாருகிட்டயும் சொல்லாத எப்சி, என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
மாட்டுக்கு அல்ல,
அது போய்விட்டதே.

திருப்பத்தில் கொஞ்சம் மிதித்தால் போதும்.
எனக்குத் தெரியும்.
ஒவ்வொரு செவ்வாயும் தெரியும்.
அவருக்கும் தெரியும் என்று இன்றுதான் தெரிந்தது.
ஒருவர் என் பக்கத்தில் இப்படிச் சுருங்கி உட்கார்வது
எனக்குப் பிடிக்கவில்லை.

உமக்குப் பிடித்திருக்குமா?

பின்சீட்டுத் துண்டை எடுத்து அவர் மடியில் போட்டேன்.
பதின்மூன்று. பன்னிரண்டு.
பனி பத்தோடு முடிந்தது.
அடிவாரச் செக்போஸ்டில் வெக்கை தொடங்கிற்று,
மெஷினை இந்நேரம் வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள்.
மெதுவா, என்றார், நேர்ச்சாலையில்.
மெதுவாத்தாம்பா போறேன்.