இரண்டு சாயம்

செவ்வாய்தோறும் ஏழு குழாய்.
முதலில் பள்ளிக்கூடச் சமையலறை,
கடைசியில் லூத்தரன் தேவாலயத்தின் பின்பக்கம்.
குழாயின் வாயைத் தீயால் சுட்டு
இரண்டு நிமிடம் ஓடவிட்டு
விரல் படாமல் குப்பியை நிரப்புவேன்.
மூடியைத் தரையில் வைக்கக் கூடாது.
இருபத்திரண்டு வருடத்தில்
ஒருமுறை வைத்திருக்கிறேன்.
அன்று லைலுக்கு இதய அறுவை சிகிச்சை.
அந்தக் குப்பியைக் கொட்டிவிட்டு
மறுபடி முதலிலிருந்து.

லிண்ட் ஹாலோவில் ஆயிரத்து நூறு பேர்,
ஒரு கிணறு,
கிணற்றுக்கு நான்.
மினசோட்டாவின் இந்த மூலையில்
மண் இரண்டு சாண்கூட இல்லை.
கீழே சுண்ணாம்புப் பாறை,
பாறை முழுக்க ஓட்டை.
மேலே சிந்தியது
யார் வீட்டு டம்ளரில் ஏறும் என்று
பாறையைத்தான் கேட்க வேண்டும்.

ஏப்ரலில் நைட்ரேட் பதினொன்றரை.
பத்தைத் தாண்டினால்
கைக்குழந்தையின் பால்மாவில் கலக்கக் கூடாது.
நோட்டீஸை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அடித்து
கதவு கதவாய் நானே செருகினேன்.
டிரெய்லர் வரிசையில் யெசேனியா கேட்டாள்,
காய்ச்சினால் போதுமா?
போதாது.
காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும்,
அது இன்னும் கெட்டியாய் உட்காரும்.
இதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஸ்பானிஷ் கிடையாது.
அடுப்பைக் காட்டி இல்லையென்று தலையாட்டினேன்.
தொட்டிலைக் காட்டி இல்லையென்று தலையாட்டினேன்.
வேனிலிருந்து நாலு கேன் இறக்கினேன்.

ஊர் ஒரே ராத்திரியில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது.
மெர்ல் குவாம். அறுநூறு மாடு.
அவன் வயலில் பூமி உள்வாங்கிய குழி ஒன்று.
மழைக்கு முந்தின நாள்தான்
சாணிக்கரைசல் பாய்ச்சியிருந்தான்,
பார்த்தவர்கள் இருந்தார்கள்,
பார்க்காதவர்களும் பார்த்திருந்தார்கள்.
நகரமன்றக் கூட்டத்தில்
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
"ஊற்றித்தான் பாருங்களேன்" என்றான்.
வேறொன்றும் பேசவில்லை.

மாவட்டச் சுகாதாரத் துறையிலிருந்து
கொரின் ஹால்வெர்ஸ் இரண்டு சாயத்தோடு வந்தாள்.
சிவப்பு, மெர்லின் குழியில்.
பச்சை, சும்மா ஒப்பிட்டுப் பார்க்க,
குவாரிச் சாலைப் பள்ளத்தில்.
தேயிலைப் பை மாதிரி
கரித்தூள் பொட்டலங்களைக்
கிணற்றுக் குழாயில் நான் கட்டிவைத்தேன்.
ஒன்பதாம் நாள் அவிழ்த்து அனுப்பினோம்.

சாயம் வெளுத்தால்தான் குட்டு வெளிப்படும்.
எங்களுக்கு வெளுக்காமலே வெளிப்பட்டது.
கண்ணுக்குத் தெரியாததை
ஆய்வகத்து விளக்கு பார்த்துச் சொன்னது:
பச்சை.
சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

குவாரிச் சாலைப் பள்ளத்துக்கு மேலேதான்
கூட்டுறவு உரக்கிடங்கு.
அதன் முற்றத்தை ஹோஸ் வைத்துக் கழுவும் தண்ணீர்
எங்கே போகிறதென்று
யாரும் கேட்டதில்லை, போனது, அவ்வளவுதான்.
கிடங்கில் ஊரில் பாதிப் பேருக்குப் பங்கு.
எனக்கு ஒன்பது.
டிசம்பரில் வரும் லாபக் காசோலையில்
பேரப்பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்குக் காலணி வாங்குவேன்.
முற்றத்தை மாதம் நூறு முறை கடந்திருப்பேன்,
குப்பிப் பெட்டியோடு,
பெட்டிக்குள் ஐஸோடு,
அவ்வளவு சுத்தமான கைகளோடு.

மேயர் எஸ்ட்ரெம்
இன்னும் ஆய்வு தேவை என்றார்.
அறை அமைதியாய் இருந்தது.
போன வாரம் கத்தியவர்கள்
கூரையில் விசிறி எத்தனை இறக்கை என்று பார்த்தார்கள்.
முற்றத்துக்குக் கான்கிரீட், வடிகாலுக்குத் தொட்டி,
வீட்டுக்கு மாதம் பதினாலு டாலர்.
நாலுக்கு மூன்றில் நிறைவேறியது.
மெர்லிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை மீன் விருந்தில்
அவன் தட்டில் மட்டும்
ஒரு துண்டு கூடுதலாய் விழுந்தது.

கிளம்பும்போது கொரினைக் கேட்டேன்,
சிவப்பு என்ன ஆனது?
காரில் சாவியைப் போட்டவள்
கொஞ்சம் யோசித்தாள்.
"எங்கேயோ போயிருக்கிறது.
இங்கே வரவில்லை, அதுதான் நமக்குத் தெரியும்."

எங்களுக்கு நன்றாகத்தான் தண்ணி காட்டியது பாறை.

இன்று செவ்வாய். மூன்றாவது குழாய்.
குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறேன்,
பார்த்து ஒன்றும் தெரியாது என்று தெரிந்தே.
கிழக்கே ஆற்றைத் தாண்டி
எனக்குப் பெயர் தெரியாத ஊரொன்றில்
யாரோ கெட்டிலை நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.